விரிவுரையாளருக்குக் கொண்டுபோன நண்டு

இரண்டு வருடங்களுக்கு முன்னர், கடல் அடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நெடுந்தீவில் முதல் படகில் ஏறினேன். கையில் பனையோலையில் பின்னிய ஒரு உமல் பை, அதற்குள் கால் கட்டிய ஆறு நண்டுகள். யாருக்கு என்று கேட்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் என் மகள் படிக்கிற பல்கலைக்கழகத்தில், அவளுடைய பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளருக்கு! இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகப் பட்டது.

மகள் அப்போது இரண்டாம் வருடம். எங்கள் தீவிலிருந்து தினமும் போய்வர முடியாது. கடல் ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு பஸ். அதனால் போர்டிங்கில் இருந்து படித்தாள். ஆனால் வெள்ளி பின்னேரம் கடைசிப் படகில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அது என் சட்டம். வந்தவளின் உடுப்பைத் தோய்த்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கணவாய் பொரித்துப் போத்தலில் அடைத்து, திங்கள் விடியற்காலைப் படகில் ஏற்றிவிடுவேன். அவள் ஒரு கிழமை வராவிட்டால் நான் சாப்பிடாமல் படுத்துவிடுவேன். அதைப் போன் எடுத்து அவளுக்குச் சொல்லியும் விடுவேன். என்னைப்போல் பிள்ளையைத் தாங்குகிற தாய் இந்தத் தீவிலேயே இல்லை என்று எனக்கு நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோய்ப்பதற்காக அவளுடைய பையைக் கொட்டியபோது நாலாக மடித்த கடிதம் ஒன்று விழுந்தது. பிள்ளையின் கடிதத்தைத் தாய் வாசிக்கலாமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. செய்முறை வகுப்புக்கு வரவு போதாது, செவ்வாய்க்கிழமை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும், தவறினால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று இருந்தது. அந்தப் பரீட்சை போனால் ஒரு வருடம் போகும். பிள்ளை பயத்தில் ஒளித்துவைத்திருக்கிறாள், நான் போய் ஒரு சொல்லுச் சொன்னால் சரிவரும் என்று முடிவெடுத்தேன். கடிதத்தை இருந்தபடியே பைக்குள் வைத்துவிட்டேன். மகளிடம் மூச்சுக் காட்டவில்லை.

திங்கட்கிழமை அவள் போன பிறகு என் கணவரிடம் மட்டும் சொன்னேன். "பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போமன்" என்றார் மனுசன். "நீங்கள் சும்மா இருங்கோ, உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்று வாயை அடைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணையிடம் சொல்லி வைத்துத்தான் அந்த நண்டை எடுத்தேன்.

பல்கலைக்கழகத்தில் விசாரித்து விசாரித்து அந்த அறையைக் கண்டுபிடித்தால், வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள்! கையில் அதே கடிதம். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, நீங்கள் ஏன் வந்தனீங்கள்? இதென்ன உமல்?" என்று எழும்பினாள். அவளும் விளக்கம் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே! "நீ வாயைத் திறக்காதை, நான் கதைக்கிறன்" என்று அவளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது குறைந்த பெண். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. எங்கள் கடல், எங்கள் கஷ்டம், தீவுப் பிள்ளைகள் படிப்பதென்றால் லேசுப்பட்டதா என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். உமலை மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் பேச்சை நிறுத்தியதும் உமலுக்குள் நண்டு கறகறவென்று பிறாண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அம்மா, இதை நான் வாங்க ஏலாது. குறை நினையாதேங்கோ" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீர் சொல்லும், ஏன் வரேல்லை?" என்று கேட்டார்.

"என்ர பிழைதான் மிஸ்" என்றாள் மகள்.

வரவுப் பதிவு மேசையில் விரித்தபடி இருந்தது. எட்டிப் பார்த்தேன். அவளுடைய பெயருக்கு நேரே எட்டு இடத்தில் சிவப்புக் கோடு. மேலே இருந்த திகதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை. வகுப்பு பின்னேரம் இரண்டு மணிக்கு. இரண்டு மணிக்கு வகுப்பில் இருக்கிற பிள்ளை கடைசிப் படகை எப்படிப் பிடிப்பாள்?

முதலாம் வருடம் வெள்ளி மத்தியானத்தோடு வகுப்பு முடியும் என்று சொல்லியிருந்தாள். அது அப்போது உண்மை. இரண்டாம் வருடத்தில் மாறியதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சாப்பிடாமல் படுத்துவிடுவேனே! எட்டு முறை அந்த வகுப்பை விட்டுவிட்டு எனக்காகப் படகேறி வந்திருக்கிறாள். இப்போது விரிவுரையாளருக்கு முன்னால் நின்றும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"மிஸ், நான்தான் வரச் சொன்னனான்" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் கதிரையில் இருந்தேன். அந்தப் பெண் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார். "உங்களுக்குப் பிள்ளையில எவ்வளவு அன்பு பட்சம் எண்டு எனக்கு விளங்குது அம்மா. என்ர அம்மாவும் இப்பிடித்தான். ஆனா இதைப் பிள்ளைதான் கதைக்கோணும். நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ" என்றார்.

வெளி வாங்கில் உமலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். கதவுக்குள்ளே மகளின் குரல் முதலில் மெதுவாகக் கேட்டது, பிறகு தெளிவாகக் கேட்டது. வீட்டில் அவள் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. நான் எங்கே கதைக்க விட்டேன்?

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். தவறிய செய்முறைகளை வருகிற சனிக்கிழமைகளில் செய்து முடிக்க வேண்டும், ஒரு வெள்ளிக்கிழமைகூட இனி விடக்கூடாது, முடித்தால் பரீட்சை எழுதலாம். அந்த வழியைக் கேட்டதும் அவள்தானாம். நானென்றால் அழுது கெஞ்சிவிட்டுத் திரும்பியிருப்பேன்.

"இனி மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவன் அம்மா" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் அழுவேனா, கோபிப்பேனா என்று பார்க்கிறாள் என்று விளங்கியது. எத்தனை வருடமாக இந்தப் பிள்ளை என் முகத்தை இப்படிப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறது! ஐயோ என்று இருந்தது எனக்கு. "சரி" என்று மட்டும் சொன்னேன். நண்டைப் போர்டிங்கில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். தேங்காயைத் துருவினது அவள், உப்பை அளவுக்கு மிஞ்சிப் போட்டது நான்.

அதற்குப் பிறகு எனக்கு லேசாக இருந்தது என்று சொன்னால் அது பொய். முதல் மாதம் வெள்ளி பின்னேரங்களில் காரணமில்லாமல் இறங்குதுறைக்கு நடந்துபோய்ப் படகைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மனுசன் கண்டும் காணாதவர் போல இருந்தார். மகள் அந்தப் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்து, இப்போது கடைசி வருடம். உடுப்பை அவளே தோய்க்கிறாள். காய்ச்சல் வந்தால் தானே போய் மருந்தெடுத்துவிட்டுப் பிறகு எனக்குச் சொல்கிறாள். நான் போத்தலில் அடைத்து அனுப்புகிறதை மட்டும் இன்னும் வேண்டாம் என்பதில்லை.

போன கிழமை போன் எடுத்து, "அம்மா, இந்த மாசமும் வர ஏலாது, புரொஜெக்ட் இருக்கு" என்றாள். குரலில் பயம் இல்லை, சாட்டுப்போக்கு இல்லை. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது, ஆனாலும் "ஓம் பிள்ளை, வேலையைப் பார்" என்றேன். என் பிள்ளை என்னிடம் பயமில்லாமல் 'ஏலாது' என்று சொல்வதைக் கேட்க எனக்கு இருபது வருடம் பிடித்திருக்கிறது. அவள் என் மேல் வைத்திருக்கிற பட்சத்தின் அளவு என்னை நம்பிச் சொல்கிற அந்த ஒரு சொல்லில்தான் எனக்குத் தெரிகிறது.