ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

யுஸ்டீனா ஹெப்னருக்குக் கர்வம் உண்டு. அடக்கமே அழகு என்று வாரம் தவறாமல் பிரசங்கம் கேட்கும் லிலியன்தால் கிராமத்தில் அது பாவக் கணக்கில் சேரும். ஆனாலும் ஒரு வீட்டின் பக்கச்சுவரில் தான் பதித்த இரண்டு வெள்ளைக் குழாய்களைக் கடக்கும்போது அவளுடைய வண்டியின் வேகம் தானாகக் குறைந்துவிடும். ஒரு குழாய், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸுக்கு வெளிக்காற்றை வாங்கித் தரும், மற்றது எரிந்த புகையை வெளியே தள்ளும். பனி எவ்வளவு குவிந்தாலும் மூடாத உயரத்தில் இரண்டும் இருக்கும். புகையிலிருந்து கசியும் நீர் வழியில் தேங்கி உறைந்துபோகாமல் ஃபர்னஸுக்கே திரும்பி வடிய ஒரு சாய்வு வேண்டும். அந்தச் சாய்வு சரியா என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு ரசமட்டத்தை வைத்தும் பார்ப்பாள்.

சர்க்கரைப் பீட்ரூட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவள். எரிவாயு வேலைக்கான தேர்வில் முதல் தடவை கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை, கூட எழுதிய பதினோரு ஆண்களையும் பின்னால் தள்ளிவிட்டு வந்தாள். விங்க்ளர் நகரத்துக்குத் தெற்கே உரிமம் வைத்திருந்த ஒரே பெண் அவள்தான்.

சொந்தப் பொறுப்பில் அவள் செய்த முதல் வேலை, தாய்மாமன் டீட்ரிக் ஃப்ரேஸின் வீட்டு ஃபர்னஸ். டீட்ரிக் சபைப் போதகர். ஞாயிறன்று அவர் வீட்டில் யாரும் பின்னல் ஊசியைக்கூடத் தொடக்கூடாது. அந்த அக்டோபர் வரை பழைய ஃபர்னஸும் வெந்நீர் ஹீட்டரும் ஒரே செங்கல் புகைபோக்கியில் புகையை விட்டுக்கொண்டிருந்தன. புது ஃபர்னஸின் புகை சுவர் வழியாக வெளியேறியது. ஹீட்டர் மட்டும் தனியாகப் புகைபோக்கியில் நின்றது, ஆறு பேர் படுத்த கட்டிலில் ஒற்றைக் குழந்தையைக் கிடத்தியதுபோல. சின்னத் தீயால் அவ்வளவு பெரிய புகைபோக்கியைச் சூடேற்ற முடியாது. சூடேறாவிட்டால் புகை மேலே ஏறாது.

"மாமா, உள்ளாற ஒரு சின்ன உலோகக் குழாய் இறக்கணும். அப்பத்தான் ஹீட்டர் புகை ஒழுங்கா ஏறும்" என்றாள்.

"நாப்பது வருஷமா இழுக்குற புகைபோக்கி இது. அதுக்கே நீ பாடம் எடுக்கிறியாடி?"

ஹீட்டர் தலையில் குழாய் தொடங்கும் இடைவெளியருகே ஒரு கொசுவர்த்தியைக் கொளுத்திப் பிடித்துப் பார்த்தாள். புகை மேலேதான் போனது. மாமாவோடு மல்லுக்கட்ட மனம் வரவில்லை, விட்டுவிட்டாள்.

ஜனவரியில் தலைவலி தொடங்கியது. ஞாயிறு மாலையானால் அந்த வீட்டில் பாதிப் பேருக்கு மண்டை இடித்தது, இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். திங்கட்கிழமை எல்லாரும் ஒன்றும் நடக்காததுபோல நடமாடினார்கள். மாமாவின் பிரசங்கம் நீண்டுகொண்டே போவதுதான் காரணம் என்று ஊரில் கேலி செய்தார்கள். பிறகு கேலி திசை மாறியது.

"பொம்பள வெச்ச ஃபர்னஸு, வேற எப்படி இருக்கும்?" என்று கடையில் ஒருவன் அவள் காதுபடவே சொன்னான்.

யுஸ்டீனாவுக்கு இரவெல்லாம் அந்தக் குரல்தான். செவ்வாய்க்கிழமை போய்ச் சோதித்தாள். வியாழக்கிழமையும் போனாள். குழாய்கள், சாய்வு, இணைப்புகள் எல்லாம் கச்சிதம். ஹீட்டரின் புகையும் ஒழுங்காக மேலே ஏறியது. மாமாவின் மனைவி லேனா அத்தை மட்டும் வீட்டில் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குத் திரும்பியபோதுதான் பொறி தட்டியது. செவ்வாயும் வியாழனும் வந்து என்ன புண்ணியம்? நோய் வருவது ஞாயிற்றுக்கிழமை அல்லவா?

ஞாயிறு மூன்றரை மணிக்கு ஃபாஸ்பா என்ற மாலைச் சிற்றுண்டி. பன்னும் பாலாடைக்கட்டியும் பிளம் ஜாமும் காப்பியும் மேசைக்கு வரும். யாரையும் அழைப்பதில்லை, எல்லாரும் வருவார்கள். ஆகவே யுஸ்டீனா வந்து நின்றதை யாரும் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. கைப்பையில் கொசுவர்த்தி இருந்ததுதான் விசேஷம்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. உள்ளே இருபத்து மூன்று பேர். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சொட்டு ஆவி இல்லை. அடுப்புக்கு மேலே ராட்சதப் புகைவிசிறி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வந்தது, அத்தை?"

லேனா அத்தை பதில் சொல்லுமுன் மருமகன் ஜேக் முந்திக்கொண்டான். "கிறிஸ்துமஸுக்கு நான் மாட்டுனது. ஓட்டல்காரங்க வைக்கிற சைஸு. கூட்டம் வந்தாப் போட்டுவிட்டுடுவோம், ஒரு ஜன்னல் வேர்க்காது!"

தொட்டியில் மூன்றாம் சுற்றுக் கோப்பைகள் வெந்நீரில் முங்கிக் கிடந்தன. அப்படியானால் கீழே ஹீட்டர் ஓயாமல் எரிகிறது. விசிறி வெளியே தள்ளும் அத்தனை காற்றுக்கும் ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். ஜன்னல்கள் இறுக்கம், கதவுகள் மூடியிருக்கின்றன. மிச்சமிருக்கும் ஒரே ஓட்டை புகைபோக்கிதான். ஹீட்டர் இருக்கும் நிலவறையின் படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

"யுஸ்டீனா! இன்னிக்கு என்ன கிழமை?" என்றார் டீட்ரிக்.

"தெரியும் மாமா. ஓய்வுநாள்ல மாடு கிணத்துல விழுந்தா தூக்கலாம்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணுனீங்க?"

"மாடு எங்கடி இருக்கு?"

"அதத்தான் பாக்கப் போறேன்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கொசுவர்த்தியைப் பற்றவைத்து இடைவெளியருகே பிடித்தாள். புகை மேலே போகவில்லை. அப்படியே மடங்கி அவள் முகத்தில் அடித்தது. கைக்கண்ணாடியை நீட்டினாள், கண்ணாடி வியர்த்தது. வெளியே போக வேண்டிய நச்சுப்புகை முழுவதும் வீட்டுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. எரிவாயு வால்வை மூடிவிட்டுத் திரும்பியபோது, பக்கத்து அறைக் கதவிடுக்கில் ஒரு சின்னப் போர்வையின் நுனி தெரிந்தது.

மேலே சத்தம் அதிகம் என்று குழந்தையை நிலவறையில் தூங்கவைத்திருந்தார்கள். ஜேக்கின் ஐந்து மாத மகள். கன்னம் சிவந்திருந்தது. தோளில் தட்டினாள், விழிக்கவில்லை.

யுஸ்டீனா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிகளைத் தாண்டித் தாண்டி ஏறினாள். "எல்லாரும் வெளிய போங்க! கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறங்க!" லாரி ஓட்டிய தொண்டை அது. இருபத்து மூன்று பேரும் காலுறையோடு பனியில் வந்து நின்றார்கள். குளிர் முகத்தில் அறைந்ததும் குழந்தை மூச்சை இழுத்தது, பிறகு வீறிட்டது.

ஜேக்கும் மனைவியும் குழந்தையோடு மருத்துவமனைக்குப் பறந்தார்கள். மற்றவர்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொலைபேசி வந்தது. பிராணவாயு கொடுத்திருக்கிறார்கள், பிள்ளை பால் குடிக்கிறது, பயமில்லை. இன்னும் ஒரு மணி நேரம் தூங்கவிட்டிருந்தால் எழுந்திருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். லேனா அத்தை முந்தானையில்லாத ஊர்க்காரி, ஏப்ரனை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"தப்பு என்னோடது" என்றாள் யுஸ்டீனா எல்லார் முன்னாலும். "அக்டோபர்லயே நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. விசிறிக்கு ஈடா வெளிக்காத்து வர வழி பண்ற வரைக்கும் அதுக்கு சுவிட்ச் கிடையாது. புகைபோக்கிக்குள்ள குழாய் இறங்குற வரைக்கும் வெந்நீரும் கிடையாது."

டீட்ரிக் எழுந்தார். போதகர் பேசினால் நீளும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று நீளவில்லை.

"இவ அன்னிக்கே சொன்னா. நான்தான் கேக்கல. இனிமே யாரும் இவ ஃபர்னஸப் பத்திப் பேசுறதுன்னா, முதல்ல என்னப் பத்திப் பேசட்டும்." பிறகு அவளிடம் திரும்பினார். "அந்தக் குழாய் உங்கிட்ட இருக்கா?"

"அக்டோபர்லருந்து வண்டியிலேயே கெடக்கு."

"எப்ப ஆரம்பிக்கிற?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, மாமா."

"நான் கிழமையக் கேக்கல."

கொட்டகைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டோடு, தோளில் ஏணியைச் சுமந்துகொண்டு, தெரு முழுக்கப் பார்க்கத் திரும்பி வந்தார்.