கயிற்றைப் பிடித்தது யார்?

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். சங்கு குளித்தே சொந்த வள்ளம் வாங்கினேன். தருவைகுளத்தில் மாடி வீடு கட்டினேன். ஒரு நாவலுக்கும் உயிர் கொடுத்தேன். அதைத்தான் மறைத்துவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் நாசரேத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். வெள்ளைக்காரன் காலத்து மர்மக்கதை எழுதுகிறாராம். கதையில், முத்துக்குளிக்கப் போன அப்பாவைக் கடலுக்குள்ளேயே கொன்றவனை மகள் கண்டுபிடிக்கணும்.

"எப்படின்னுதான் பிடிபடலை, அண்ணாச்சி."

"முங்கினவனை மேல இழுக்க வள்ளத்துல கயித்தைப் பிடிச்சது யாருன்னு அந்தப் பிள்ளையைக் கேக்கச் சொல்லுங்க, டீச்சர். கயித்தை விட்டா உசுரு போயிரும். இங்கன மச்சினன்தான் பிடிப்பான். அக்கா தாலிக்குப் பயந்து அவன் கயித்தை விடமாட்டான்."

புத்தகம் வந்தது. என் மகள் வாசித்தாள். கதையில் அந்தப் பெண் கடற்கரையில் ஊரையே நிறுத்திக் கேட்கிறாள்: "என் தாய்மாமன் இருக்க, அப்பா கயித்தை வேற ஆள் ஏன் பிடிச்சான்?" கொலைகாரன் அகப்பட்டதே அந்தக் கேள்வியில்தான்.

நன்றிப் பக்கத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் பெயர் வரிசையாக இருந்தது. கடைசியில், 'கடற்கரை மக்களுக்கும்.'

பஸ் ஏறி அவர் பள்ளிக்கூடத்துக்கே போனேன்.

"உங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அண்ணாச்சி?"

"அப்புறம் ஏன் என் வீட்டு வாசல்ல மூணு நாள் காத்துக் கிடந்தீங்க?"

பிள்ளைகள் பார்க்க அந்தப் புத்தகத்தை விட்டெறிந்தேன். டீச்சர் குனிந்து பொறுக்கினார். அது என் தப்புதான், இன்றைக்கும் உறுத்துகிறது.

வழக்கம் ஊருடையது. அதை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கலாம் என்று சொன்னது நான். டீச்சர், அடுத்த பதிப்பில் என் பெயரைப் போடுங்கள்.