இறக்கிவிடாத அப்பா

கலையரசனின் ஆட்டோவில் ஏறிக் கிரிவலப் பாதையைச் சுற்றியவர்களுக்குத் தெரியும், அவன் வாய் ஓயாது. அந்தப் பாதையோரத்து அடி அண்ணாமலை ஊர்க்காரன். ஒன்றுக்கு ஒன்பது பேசுவான், அடுத்த நிமிடமே டீ வாங்கித் தருவான். மகன் இளவரசனின் நோயைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசமாட்டான். எட்டு வயதுப் பையனுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் நோய். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுவான். போன இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் வேலூரில் ஒரு மருத்துவமனை, இந்த நோய்க்கான புது மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியைத் தொடங்குவதாகச் சேதி வந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. கலையரசன் அதற்கும் தலையாட்டினான். சேர வேண்டுமானால் பிள்ளை யார் கையையும் பிடிக்காமல் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோடுவரை நடந்து காட்ட வேண்டும். முதல் தடவை இளவரசன் நடந்துவிட்டான். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மறுபடி ஒருமுறை நடக்க வேண்டும், அதுவரை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் கலையரசன் என்ன செய்வான்? பையனைத் தரையிலேயே விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில், கடைக்குத் தோளில், கக்கூசுக்கும் தூக்கல்தான். போனில் சார்ஜ் மிச்சம் பிடிப்பதுபோல மகனின் காலில் பலத்தை மிச்சம் பிடித்தான், பாவி மனுஷன்.

“எறக்கி வுடுப்பா, நான் நடக்கறேன்” என்று பையன் திமிறுவான்.

“டெஸ்ட் வரைக்கும் பொறுத்துக்கடா. காலுல வலு கம்மி ஆயிடும்.”

வாசல் வரைக்குமாவது நடக்கட்டுமே என்ற மனைவி மதிவதனி மேல் எரிந்து விழுந்தான்.

மாதங்கள் ஓடி, மழைக்காலம் பிறந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். இளவரசன் கோட்டில் நின்றான். ஒரு கால் எடுத்து வைத்தான், அடுத்ததையும் வைத்தான். அதோடு முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். சற்று நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி நிற்கவைத்தார்கள். அதுவும் ஆகவில்லை.

“வீட்ல நடக்கறானா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இல்லீங்க மேடம். காலுக்கு அலுப்பு வரக்கூடாதுனு நான்தான் தூக்கிக்கினே இருந்தேன்” என்றான் கலையரசன், அதில் கொஞ்சம் பெருமையோடு.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். தினமும் முடிந்தவரை நடந்தால்தான் இந்தப் பிள்ளைகளின் காலில் இருக்கிற பலமாவது தங்கும் என்று மெதுவாகச் சொன்னார். “எங்க ஆளுங்க அன்னிக்கே இதை விளக்கியிருக்கணும். நோயும் ஜாஸ்தி ஆயிருக்குங்க. உங்களால மட்டும் இல்ல.”

அந்த ‘மட்டும்’ அவன் நெஞ்சில் தைத்தது. வேறு எதிலாவது சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டான். நடக்க முடியாத பிள்ளைகளுக்கு இங்கே இப்போதைக்கு எந்த ஆராய்ச்சியும் இல்லை என்றார்கள். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தோளில் கிடந்த இளவரசன் கேட்டான்: “டெஸ்ட்டு முடிஞ்சிடுச்சில்லப்பா? இனிமே நான் நடக்கலாமா?”

“நடடா கண்ணு. எவ்ளோ வேணா நட” என்று கலையரசன் இறக்கிவிட்டான். பையனின் அக்குளில் கொடுத்த கையை அவனால் எடுக்கவே முடியவில்லை. எடுத்திருந்தால் பிள்ளை விழுந்திருப்பான்.