முப்பத்தேழாம் நாள் வந்த அக்கா

சாஃபெத்திலிருந்து ஹைஃபாவுக்கு இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டிய அம்ராம் எத்ரியின் வண்டியில் ஏறியவர்கள், டிக்கெட்டோடு ஒரு கேலியையும் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். அகலத் தொப்பி வைத்த வேதமாணவனிடம் தொப்பிக்குத் தனி இருக்கை வேண்டுமா என்பான். மீன்கூடையோடு ஏறும் கிழவரிடம் மீனா நீங்களா, இரண்டில் எது பழசு என்று கேட்பான். வண்டியே குலுங்கிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவனுக்குச் சோறு மாதிரி.

அவனுக்கு ஒரே ஒரு அக்கா. பெயர் ஸுலிக்கா. மொராக்கோவிலிருந்து கப்பலேறி வந்து தகரக் கொட்டகை முகாமில் கிடந்த காலத்தில் வீட்டுக்கே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்தான் இருந்தது. மழைக்காலத்தில் ஸுலிக்கா அதை மாட்டிக்கொண்டு, தம்பியை முதுகில் சுமந்து, முழங்கால் சேற்றில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அவனுக்கு ஐந்து.

அப்படிப்பட்டவளின் மனதைத்தான் அவன் உடைத்தான்.

அவனுடைய முதல் பேரனுக்கு விருத்தசேதனம் நடந்த நாள் அது. பிள்ளையில்லாத பெண்ணின் கையில் குழந்தையைக் கொடுத்துச் சபைக்குள் கொண்டுவரச் சொல்வது அந்த யூதர்களின் வழக்கம். அவள் மடியும் நிறையட்டும் என்ற பிரார்த்தனை அது. ஸுலிக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. நம்பிக்கையின் கடைசி இழை. வெள்ளைப் பட்டில் குழந்தையை ஏந்தி, கண்ணில் நீர் தளும்ப அவள் உள்ளே நடந்து வந்தபோது, அம்ராமின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அக்கா, இருபது வருஷமா ஊரார் வீட்டுப் பார்சலையே தூக்கிட்டு அலையறே. உன் வீட்டு விலாசத்தைக் கடவுள் எங்கயோ தொலைச்சுட்டார் போல."

சபை சிரித்தது. ஸுலிக்கா குழந்தையைப் பத்திரமாகக் கொடுக்க வேண்டிய கையில் கொடுத்தாள். விருந்துக்கு உட்காரவில்லை. அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் அவள் தம்பி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இடையில் அம்மா இறந்தாள். அப்போதும் ஏழு நாள் துக்கத்தைத் தம்பியோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து காக்காமல், ஹைஃபாவில் தன் வீட்டிலேயே தனியாகக் காத்தாள்.

முதுகுவலியால் அம்ராம் சீக்கிரமே வேலையை விட்டான். கேட்டுச் சிரிக்க ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்தபோதுதான், எதற்காகப் பிறந்தோம் என்ற கேள்வி அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. சாஃபெத்தில் அந்தக் கேள்வி வந்தவர்கள் போகிற இடத்துக்கு அவனும் போனான். ஜெப ஆலயத்துக்குக் கீழே ஒரு சின்ன அறை. செவ்வாய்க்கிழமை பிற்பகல்களில் ஹாகாம் என்று எல்லாரும் அழைக்கும் குரு யெஹோயதா அங்கே ரகசிய ஞானம் சொல்லிக்கொடுப்பார். ஹாகாமுக்கு நாற்பது வயதுகூட இல்லை. அதற்குமுன் மின்சார வேலை பார்த்தவர். படைப்பின்போது பாத்திரங்கள் உடைந்து ஒளிப்பொறிகள் மண்ணில் சிதறின என்பார். ஒவ்வொரு ஆன்மாவும் தன் பங்குக்கு ஒரு விரிசலைச் சரிசெய்ய வந்திருக்கிறது, அதற்குப் பெயர் திக்கூன் என்பார்.

அம்ராம் ஒருநாள் துணிந்து, தன்னுடைய திக்கூன் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டான்.

"எந்த இடத்துல திரும்பத் திரும்ப வழுக்கி விழறீங்களோ அங்கதான் உங்க வேலை இருக்கு" என்றார் ஹாகாம். "சுலபமா வர்றதெல்லாம் போன பிறவிலயே முடிச்சது."

அம்ராமுக்கு உடனே புரிந்துவிட்டது. நாக்கு! வேறென்ன? வாழ்நாள் முழுக்க அவன் வழுக்கிய இடம் அதுதானே? மேற்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விடை கிடைத்துவிட்ட பரவசத்தில் வீட்டுக்கு ஓடினான்.

எலூல் மாதப் பிறப்பிலிருந்து பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் வரை நாற்பது நாள் பேச்சு விரதம் எடுத்தான். தொழுகைக்கும் வேத சங்கீதங்களுக்கும் மட்டும் வாய் திறப்பது, மற்றபடி ஒரு சொல்கூட இல்லை. மனைவி ஃப்ரெஹா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்: "முப்பது வருஷத்துல இப்பத்தான் எங்க வீட்டு ரேடியோ என் காதுல விழுது." ஊரார் அவனை மரியாதையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மரியாதையும் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

முப்பத்தேழாம் நாள் பகல் பதினொரு மணிக்கு ஸுலிக்கா வந்தாள்.

பாதியாக இளைத்திருந்தாள். யோம் கிப்பூருக்கு முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாட்கள் அவை. கேட்டவருக்கு மூன்று முறை 'மன்னித்தேன்' என்று வாயால் சொன்னால்தான் மன்னிப்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் நின்றபடியே பேசினாள்.

"அம்மாவோட ஏழு நாள் நான் உன்கூட உட்காரலடா அம்ராம். அது தப்பு. மன்னிச்சேன்னு சொல்லு. அப்புறம் உனக்கும் என்கிட்டச் சொல்ல ஏதாவது இருந்தா, கேட்டுட்டுப் போறேன்."

அம்ராமின் தொண்டை வரைக்கும் சொல் வந்தது. கண் நிறைந்தது. ஆனால் இன்னும் மூன்றே நாள். முப்பத்தேழு நாள் காத்த விரதம் உடைந்தால் ஆன்மா வந்த காரியம் பாழாகிவிடுமே என்று மனம் பதறியது. மேசையிலிருந்து ஒரு தாளை இழுத்து, மன்னித்தேன், மன்னித்தேன், மன்னித்தேன் என்று எழுதி நீட்டினான்.

ஃப்ரெஹா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் விரதத்தை அடுப்புல போடு. பேசு மனுஷா."

அவன் உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சலாகத் தலையாட்டினான்.

ஸுலிக்கா தாளை வாங்கவில்லை. "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நாக்கு இருந்துச்சு" என்றாள். "இன்னிக்கு நான் தனியா வந்தேன்." கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவன் சன்னலோரம் நின்று, அவள் பேருந்து நிலையம் போகும் சரிவில் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தான். யோம் கிப்பூர் முடிந்ததும் முதல் பேருந்தில் போய்க் காலில் விழலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

விரதம் முடிந்த மறுநாள் கூடாரப் பண்டிகைக்குப் பந்தல் போடும் வேலை வந்தது. அதற்கு மறுநாள் ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப இருந்தான். சனிக்கிழமை அந்தி சாய்ந்ததும் தொலைபேசி அடித்தது. ஸுலிக்காவின் கணவன் எஃப்ராயிம். ஸுலிக்கா போய்விட்டாள் என்றான். புற்றுநோய். வசந்த காலத்திலேயே தெரிந்துவிட்டதாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

அடக்கம் முடிந்ததும் எஃப்ராயிம் ஒன்றே ஒன்று சொன்னான். "அன்னிக்கு நிலையத்துல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு உட்கார்ந்திருந்தாளாம். நீ பின்னாலயே ஓடி வருவேன்னு."

அம்ராமுக்கு அந்த நேரஅட்டவணை மனப்பாடம். இரண்டு பேருந்து என்றால் ஒரு மணி இருபது நிமிடம். அவன் வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆறு நிமிட நடை.

ஹாகாமிடம் போய் விழுந்து அழுதான். அவர் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். பிறகு மெதுவாக, மௌனம் கஷ்டமாக இருந்ததா என்று விசாரித்தார்.

"முதல் வாரம் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் சுகமா இருந்துச்சு ஹாகாம்."

"அக்காகிட்டப் போறது?"

"ஒன்பது வருஷமா முடியல."

ஹாகாம் தலையைக் குனிந்துகொண்டார். தானும் அன்றைக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்கவும் ஒரு முறை உண்டு. பத்து ஆண்களைக் கல்லறைக்கு அழைத்துப்போய், அவர்கள் காதுபட, இன்னாருக்கு இன்ன பாவம் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேரும் மூன்று முறை 'மன்னிக்கப்பட்டாய்' என்று பதில் சொல்வார்கள். பேருந்துப் பணிமனையிலிருந்தும் ஹாகாமின் பாட அறையிலிருந்தும் ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாவது ஆளாக எஃப்ராயிமைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் வந்தான்.

விருத்தசேதன நாளில் சொன்ன கேலியை, ஒரு எழுத்து மாறாமல், அம்ராம் அக்காவின் கல்லறை முன் சொன்னான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மூன்று முறை பதில் வந்தது. மூன்று முறையும் ஒன்பது குரல்தான் அவன் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும், ஃப்ரெஹா சமைத்துக் கொடுக்கும் மீனோடு ஹைஃபாவுக்குப் போகிறான். எஃப்ராயிம் கதவைத் திறந்துவிடுவான், நாற்காலியைக் காட்டுவான், பேச மாட்டான். மூன்று தடவை கேட்டும் மன்னிப்புக் கிடைக்காவிட்டால் அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை என்பது சட்டம். அம்ராம் பதினோரு தடவை கேட்டுவிட்டான்.

போன வாரம், "அத்தான், என்னை மன்னிச்சிடுங்க" என்று அவன் வழக்கம்போலச் சொல்லிவிட்டு எழுந்தபோது, எஃப்ராயிம் தட்டைப் பார்த்தபடியே வாய் திறந்தான்.

"மீன்ல காரம் பத்தல. ஸுலிக்கா இன்னும் கொஞ்சம் போடுவா."

அடுத்த வாரம் கூடப் போடச் சொல்கிறேன் என்றான் அம்ராம். எஃப்ராயிம் இன்னொரு துண்டு மீனை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டான்.