லின் அண்ணைக்கு ஓர் எழுத்து

லின் அண்ணை போய்விட்டார். ஹார்ட் அட்டாக்காம்... இன்று பின்னேரம் லொங்குய்யில் ஒரு மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள், போய் வந்து இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இங்கே கியூபெக்கில், புவாண்ட்-கிளேர் வெயார்ஹவுஸில் என்னோடு பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டியவர். சீனாக்காரர். நான் வைத்த ‘அண்ணை’ கடைசிவரை நின்றது. கியூபெக்கார சுப்பர்வைசரே அவரை ‘மிஸ்யூ அண்ணை’ என்றுதான் கூப்பிடுவான்.

போர்க்லிப்டில் என் வேகம் உங்களுக்குத் தெரியும்தானே. நான் திரும்பினால் பெட்டி காற்றில் நிற்கும் என்று டொரொன்டோ கிளை வரைக்கும் கதை போயிருந்தது.

அதனால்தான் பெட்டி அடுக்கும் ராக்கைகளுக்கு நடுவே இருந்த மூலையில் ‘மெதுவாக’ என்று பிரெஞ்சில் ஒரு போர்டு வைத்தார்கள். சீன ஆட்களுக்கும் விளங்குகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார் லின் அண்ணை.

“விடுங்கோ, நான் எழுதுறன்” என்றேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துப் படித்த கைக்கு ஓர் எழுத்து எம்மாத்திரம்?

(எங்கள் பேச்சு பாதி இங்கிலிஷ், பாதி பிரெஞ்சு. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.)

ஒரு காட்போட் மட்டையில் எழுதிக் காட்டினார். 慢... இதுதான். இடப்பக்கம் ஒரு நெட்டுக்கோடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. அது நெஞ்சாம். வலப்பக்கம் மேலே ஒரு யன்னல், அதற்குக் கீழே சரித்துப் படுக்க வைத்த இன்னொரு யன்னல், அடியில் சப்பாணி கட்டின கால் மாதிரி ஒன்று.

ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். ஒரு வின்டர் முழுக்கப் பிடித்தது என்று அவர் சொல்லித் திரிந்தார்... அது அவருடைய கணக்கு.

கறுப்பு மார்க்கரில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டேன். அடுத்த நாள் பார்த்தால், சீன ஆட்கள் எல்லாரும் அதற்குக் கீழே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

“சிவா, நெஞ்சு எங்க?” என்றார் லின் அண்ணை.

“வலப்பக்கம் வடிவா வந்திருக்குத்தானே, அது காணாதே?”

“நெஞ்சில்லாட்டி அது ஒரு பொம்பிளையின்ர பேர். ஆர் அவ? உன்ர மனுசிக்குத் தெரியுமோ?”

அதன்பிறகு அந்தப் பெயரைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. நெஞ்சைப் பிறகு இடுக்கில் செருகிவிட்டேன், கொஞ்சம் மெலிவாக... ஆனால் போர்டு வேலை செய்தது. என்னுடைய வண்டியைத் தவிர எல்லா வண்டியும் மெதுவாகத்தான் திரும்பியது.

ஒருமுறை அவர் வீட்டில் சாப்பாடு. வெளிக்கிடும்போது அவருடைய மனுசி வாசலில் நின்று “மான் ஸோ” என்றார்.

“எங்கட போர்டு எழுத்துத்தான்,” என்றார் லின் அண்ணை. “மெதுவா நட எண்டு அர்த்தம். வந்த ஆளை வழியனுப்பேக்க சொல்லுறது.”

“அட, உதைத்தானே நாங்களும் சொல்லுறது! ஆறுதலாப் போட்டு வாங்கோ எண்டு.”

“ஆ...ரு...தலா,” என்றார். அந்த ஒரு சொல்தான் அவருக்குத் தெரிந்த தமிழ்.

பேந்து ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து ஜாக்கெட் போடும்போது அவர் “ஆருதலா, சிவா” என்பார். நான் “மான் ஸோ” என்பேன். என் உச்சரிப்பைக் கேட்டு, நான் பீஜிங்கில் பிறந்தவன் என்றே புதிதாக வந்த சீனப் பெடியள் நினைத்தார்கள்.

இன்று அனுதாபக் கார்டில் வேறு எதை எழுதுவது... எனக்குத் தெரிந்த சீன எழுத்து அது ஒன்றுதான்.

“அப்பா, பேசாமல் இங்கிலிஷில எழுதுங்கோ,” என்றாள் கார் ஓட்டிக்கொண்டு வந்த மகள். “திரும்ப நெஞ்சை விட்டிட்டு அந்தப் பொம்பிளையின்ர பேரை எழுதினீங்களெண்டா அன்டி என்ன நினைப்பா? செத்த வீட்டில?”

“நான் ஆரெண்டு நினைச்சாய்?” என்றேன். உள்ளங்கை மட்டும் வேர்த்தது. காரில் ஹீட்டர் சூடு அதிகம்.

மலர்ச்சாலை மேசையில் பேனா இருந்தது. லின் அண்ணையின் மனுசி பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார். மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நெஞ்சை முதலில் எழுதினேன். பொட்டு, பொட்டு, கோடு. பிறகுதான் மற்றதெல்லாம்.

மனுசி கார்டை எடுத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தன் மகனிடம் சீனத்தில் ஏதோ சொன்னார்.

“என்ன, பிழையோ?” என்று கேட்டேன்.

“எழுத்துச் சரியாம்,” என்றான் அவன். “நெஞ்சு ஏன் இவ்வளவு பெரிசு, மற்றதுக்கு இடமே இல்லையே எண்டு அம்மா கேக்கிறா.”

ஆறுதலாப் போட்டு வாங்கோ, லின் அண்ணை. மான் ஸோ.