நான் எழுதாமல் விட்ட கருவாடு

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வடக்கு புல்வார் சாலைப் பக்கம் ஓர் ஐஸ் பேக்டரி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். முதலாளி குருசுக்குப்பத்து மீனவர் வீட்டில் பிறந்தவர். படகுகளுக்கு ஐஸ் விற்றுத் தொடங்கி, கலர் சோடா போட்டு, கடலூர் தாண்டியும் பேர் வாங்கினார். எங்கள் பக்கத்தில் அவர் கலர் இல்லாமல் கல்யாணம் நடக்காது. ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நான் எழுதி நீட்டுவதில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

ஒரு நாள் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து கேள்வித்தாள் வந்தது. பிரபலமான தொழிலதிபர்களுக்குப் பிடித்த சாப்பாடு, பானம் என்று ஒரு பக்கம் போடுகிறார்களாம். நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார்.

"காலைல நீராகாரம், சுட்ட கருவாடு. மத்தியானம் எங்க அக்கா வைக்கிற நண்டு ரசம். அது இருந்தா வேற ஒண்ணும் வேணாம்."

"குடிக்கறதுக்கு நம்ம கலர்னு போட்டுடவா ஐயா?"

"அதைக் குடிச்சா பல்லு கூசுதும்மா. சுக்குத்தண்ணின்னு போடு."

நான் குறித்துக்கொண்டேன். ஆனால் டைப் அடிக்க உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. நான் கான்வென்டில் பிரெஞ்சு படித்தவள். கருவாடு சுடும் நாளில் என் அம்மா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவாள். சென்னைக்காரர்கள் படித்துச் சிரிப்பார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் வெண்ணெய் தடவிய பிரெஞ்சு ரொட்டி, ஆம்லெட், காய்கறி சூப், பால் காப்பி, எங்கள் கம்பெனி ஆரஞ்சுக் கலர் என்று அடித்தேன். ஒயினும் சேர்க்க ஆசைதான். சென்னையில் மதுவிலக்கு என்பதால் விட்டேன். அவர் கேட்காமலே கையெழுத்துப் போட்டார்.

அவருடைய அக்கா கணவரை இழந்தவர். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு ஆபீஸ் பின்வாசல் வழியாக வருவார். தம்பி சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பத்திரிகை வந்த வாரம் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று முதலாளி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஏன் வரலன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பத்திரிகையை யாரோ அக்காவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. முதலாளி கிளப்புக் கடைச் சாப்பாட்டைப் பாதி மிச்சம் வைப்பதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் சொன்னதையே எழுதியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு கையெழுத்துக்கு வைத்திருந்த கடிதங்களை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் நானே குருசுக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா பாய் விரித்து உட்காரச் சொன்னார்.

"தப்பு என்னோடதும்மா. அவர் உங்க நண்டு ரசத்தைத்தான் சொன்னாரு. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

"அவன் சொல்லாமயா எழுதுவீங்க? தம்பிக்காகப் பேச வந்திருக்கீங்க, தெரியுது. இத்தினி வருஷமா எனக்காகத்தான் அவன் முழுங்கிட்டு இருந்திருக்கான் போல."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதை மூடிவிட்டு, கடைக்கு ஆள் அனுப்பி எனக்குக் காப்பியும் ரொட்டியும் வாங்கி வரச் சொன்னார். "எங்க சாப்பாடெல்லாம் உங்களுக்கு ஒத்துக்காது" என்றார். குழம்பே போடுங்கள் என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

முதலாளி சொல்லிப் பார்த்தும் அக்கா நம்பவில்லையாம். ஆனாலும் அக்காவும் தம்பியும் பேசாமல் இருந்துவிடவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்து போனார்கள். தம்பி வீட்டுக்கு வந்தால் மட்டும் அக்கா பேக்கரியிலிருந்து ரொட்டி வாங்கித் தட்டில் வைப்பாராம். முதலாளி அதை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வருவாராம். இரண்டு மழைக்காலம் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். கல்யாணமாகி நான் சென்னைக்குப் போகும்வரை அதே ஆபீசில்தான் வேலை பார்த்தேன். முதலாளி கடைசிவரை என்னிடம் முகம் கோணவில்லை. நான் எழுதி நீட்டியதில் முன்போலவே படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.