ஐந்து இடத்தில் பத்து

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் நான் சி என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்த அந்த இரண்டு வருஷத்தை நினைத்தாலே இப்போதும் அலுப்புத் தட்டுகிறது. மூன்று கம்ப்யூட்டர், பதினெட்டுப் பேர், பாதி நாள் கரண்ட் இருக்காது. அதனால் எங்கள் சென்டரில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மாதிரி புரோகிராமை நான் ஒரே தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். எல்லோரும் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வந்து, கரண்ட் இருக்கும் நேரத்தில் மடமடவென்று அடித்துவிடுவார்கள்.

மதிப்பெண் பட்டியல் புரோகிராம் மட்டும் தாளில் அடங்கவில்லை. ஒரு வரி மிஞ்சியது. பட்டியலில் பத்துப் பேர் என்று உச்சியில் சொல்லும் #define MAX 10 என்ற வரியை எடுத்துவிட்டு, MAX வந்த ஐந்து இடத்திலும் 10 என்றே எழுதிவிட்டேன். அந்த வரி இருந்திருந்தால், பட்டியலின் அளவை மாற்ற அங்கே ஓர் எண்ணை மாற்றினால் போதும். எனக்குத் தெரியாமல் இல்லை. இன்னொரு தாள் எழுதச் சோம்பல், அவ்வளவுதான்.

படித்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். காலையில் மரவள்ளிக் காட்டு வேலையை முடித்துவிட்டு, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடிவருவார். ஓர் ஆபீசில் டைப் அடிக்கும் வேலைக்கு இந்தப் படிப்பின் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இருப்பது இந்த ஒரு வாய்ப்புதான்.

தேர்வு மலைக்குக் கீழே நடந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். அக்கா அந்தப் புரோகிராமை ஒரு பிழையும் இல்லாமல் அடித்து ஓட்டிக் காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இதையே இருபத்தஞ்சு பேருக்கு மாத்துங்கம்மா" என்றார் தேர்வாளர்.

அக்கா நான்கு இடத்தில் மாற்றினார். மதிப்பெண்களுக்கு இடம் ஒதுக்கும் ஐந்தாவது வரியில் மட்டும் 10 மாறாமல் நின்றது. பத்துப் பேருக்கான இடத்தில் இருபத்தைந்து பேரைத் திணித்தால் என்ன ஆகும்? பன்னிரண்டாவது மதிப்பெண்ணை அடித்ததும் மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

தேர்வாளருக்குக் கோபம். "அளவ மேல ஒரு தடவை எழுதி வெக்காம, எடத்துக்கு எடம் நம்பரப் போட யாரு சொல்லிக் குடுத்தா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். என் வேலை போய்விடுமோ என்று பயம்.

"நானாத்தானுங்க எழுதுனேன்" என்றார் அக்கா.

தேர்ச்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் தேர்வாளர்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் மலை வளைவுகளில் ஏற ஆரம்பித்த பிறகுதான் நான் சொன்னேன்.

"தப்பு என்னோடதுக்கா. தாள அப்படி எழுதுனது நான்தான்."

"தெரியுமுங்க டீச்சர்" என்றார், ஜன்னலை விட்டுத் திரும்பாமல். "நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேனுங்க. அப்பறந்தான் நான் பேசுனேன்."